ஸ்டீராய்டில் கட்டி மறைந்தால் நோய் போய்விட்டதாக நினைக்காதீர்கள்

"போன ஸ்கேனில் மூளையில் இருந்த கட்டி இப்போது இல்லையே டாக்டர், அப்புறம் எதற்கு சதைத் துணுக்கு எடுக்கும் பயாப்ஸி?" இந்த வாரமும் ஒரு குடும்பம் இதே கேள்வியோடு வந்தது. என்ன நோய் என்றே முடிவாகவில்லை. அதற்குள் பல வாரங்களாக டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை.

இப்படி ஸ்டீராய்டில் மறைகிற கட்டிகளில் நாங்கள் பயப்படுவது லிம்போமாவுக்கு, அதாவது நிணநீர் செல்களில் வரும் புற்றுக்கு. மூளையிலேயே தொடங்கும் லிம்போமா அரிதான புற்றுநோய். அறுபது வயதைத் தாண்டியவர்களிடம்தான் அதிகம் பார்க்கிறோம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கும் உறுப்பு மாற்று செய்துகொண்டவர்களுக்கும் எந்த வயதிலும் வரலாம். தலைவலியோடுதான் வரும் என்றில்லை. சில வாரங்களில் ஆளே மாறிப்போவது, மறதி, குழப்பம், ஒரு பக்கக் கை கால் தளர்வது என்று வரும். வயதாகிவிட்டது, மனச்சோர்வு என்று வீட்டில் தள்ளிப்போடுகிறார்கள்.

சரி, ஸ்டீராய்டுக்கு வருகிறேன். மற்ற மூளைக் கட்டிகளில் அது சுற்றியுள்ள வீக்கத்தைத்தான் குறைக்கும். லிம்போமாவில் புற்றுச் செல்களையே கொல்லும். சில நாட்களிலேயே கட்டி சுருங்கும், சில சமயம் ஸ்கேனில் தெரியாமலே போகும். நோயாளி எழுந்து நடப்பார். குணமாகிவிட்டது என்று வீடே நம்பும். ஆனால் எல்லாச் செல்களும் சாவதில்லை. சில வாரங்களிலோ மாதங்களிலோ கட்டி திரும்ப வரும், பல நேரம் வேறொரு இடத்தில். "கரைந்ததால் அது புற்றுநோயே இல்லை" என்பதும் தவறு, "கரைந்ததால் லிம்போமாதான்" என்பதும் தவறு. சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயும் நரம்புறை அழற்சியும்கூட ஸ்டீராய்டில் அடங்கும். எது என்று சதைத் துணுக்குதான் சொல்லும். ஸ்டீராய்டு கொடுத்த பிறகு எடுத்தால் பல நேரம் அதில் செத்த செல்களும் அழற்சியும்தான் இருக்கும். நோயியல் மருத்துவர் எதை வைத்துப் பெயர் சொல்வார்? பெயர் தெரியாமல் அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் கீமோவை யாரும் தொடங்க முடியாது.

"முழுசாக வெட்டி எடுத்துவிடுங்கள்" என்றும் கேட்கிறார்கள். இது கண்ணுக்குத் தெரியும் எல்லையைத் தாண்டிப் பரவி நிற்கும் நோய். பொதுவாக ஊசியால் துணுக்கு எடுப்பதோடு அறுவை சிகிச்சையின் வேலை முடிந்தது.

மூளை அழுத்தம் ஏறி உயிருக்கே ஆபத்து என்றால் ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டும், அதில் விவாதமே இல்லை. மற்றபடி, ஸ்கேன் அறிக்கையில் லிம்போமா சந்தேகம் இருந்தால் பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு வேண்டுமா என்று மருத்துவரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

கண்ணில் புள்ளிகள் மிதந்தால், பார்வை மங்கினால் அதையும் சொல்லுங்கள். இந்த நோய் கண்ணுக்குள்ளும் இருக்கும், அழற்சி என்று நினைத்து அங்கேயும் ஸ்டீராய்டு கொடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து ஸ்டீராய்டு தொடங்கும் முன் எடுத்த முதல் எம்.ஆர்.ஐ. படத்தைத் தொலைத்துவிடாதீர்கள். கட்டி மறைந்த பிறகு எந்த இடத்தைக் கண்காணிப்பது என்று அதை வைத்துத்தான் எங்களுக்குத் தெரியும்.