டீசலா ஹைபிரிடா: வண்டி நிற்கிற இடத்தில் இருக்கிறது விடை

என் மைத்துனர் வேளச்சேரியில் இருக்கிறார். நாலு வருடத்துக்கு முன்னால் டீசல் கார் வாங்கினார். பிள்ளையைப் பள்ளியில் விட நாலு கிலோமீட்டர், அங்கிருந்து அலுவலகத்துக்கு ஏழு கிலோமீட்டர். இதுதான் அந்த வண்டியின் அன்றாட ஓட்டம். ஒரு வருடம் முடிவதற்குள் டேஷ்போர்டில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு விளக்கு எரிய ஆரம்பித்தது. சர்வீஸுக்குக் கொண்டுபோனால், "ஹைவேல அரை மணி நேரம் ஓட்டிட்டு வாங்க சார், அணைஞ்சிடும்" என்றார்கள். தாம்பரம் தாண்டிச் செங்கல்பட்டு வரை போய்த் திரும்பினார். விளக்கு அணைந்தது. இரண்டு மாதத்தில் மறுபடியும் எரிந்தது.

வண்டியில் பழுது ஒன்றும் இல்லை. அது ஓட வேண்டிய சாலை வேறு, இவர் ஓட்டுகிற சாலை வேறு. வாங்குகிற நாளில் இதை ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம். டீசலா ஹைபிரிடா (பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் சேர்ந்த வண்டி) என்று யோசிப்பவர்கள் மைலேஜ் எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால், எரிபொருள் எங்கே வீணாகிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சாதாரணப் பெட்ரோல் இன்ஜினிலிருந்து தொடங்கலாம். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. மின்கட்டண அட்டையில் வருகிற அதே யூனிட்தான். நகர நெரிசலில் இதில் சக்கரத்துக்குப் போய்ச் சேருவது இரண்டு யூனிட் இருந்தாலே பெரிது. மீதி சைலன்சர் வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் சூடாகப் போய்விடுகிறது. பெரிய காரணம், பெட்ரோல் இன்ஜின் மெதுவாக ஓடும்போது மூச்சுத் திணறுகிறது. அதில் பெட்ரோலும் காற்றும் ஒரே விகிதத்தில் கலக்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரை லேசாக மிதித்தால் பெட்ரோல் குறைவாகப் போகும், அதற்கேற்பக் காற்றையும் குறைத்தாக வேண்டும். அதற்காகக் காற்றுப் பாதையை ஒரு தகடு பாதி அடைக்கிறது. மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு படியேறிப் பாருங்கள், இன்ஜினின் நிலைமை அதுதான். நெரிசலில் நாம் ஓட்டுவது முக்கால்வாசி நேரம் இந்த லேசான மிதியில்தான்.

டீசல் இன்ஜின் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தாண்டுகிறது. சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுவதைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள். காற்றை நெருக்கினால் சூடாகும். பெட்ரோல் இன்ஜின் காற்றைப் பத்தில் ஒரு பங்காக நெருக்குகிறது என்றால், டீசல் இன்ஜின் பதினாறில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்குகிறது. காற்று 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்தச் சூட்டில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும், தீப்பொறிக்கு ஸ்பார்க் பிளக் தேவையில்லை. வேகத்தைக் குறைக்க டீசலைக் குறைத்தால் போதும், காற்றை அடைக்க வேண்டியதில்லை. ருடால்ஃப் டீசல் 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய இன்ஜின், எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது. அந்தக் காலத்து நீராவி இன்ஜின்களில் பெரும்பாலானவற்றுக்கு அதில் பாதிகூட எட்டாத உயரம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீசல் பெட்ரோலை விட அடர்த்தியானது. ஒரு லிட்டரில் சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கிறது. இப்போது நம் பெட்ரோல் பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால் அதில் 8.3 யூனிட்தான் வரும். சென்னையில் 2024-25 விலையில் பெட்ரோல் ஏறத்தாழ 101 ரூபாய், டீசல் 92 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஒரு யூனிட் ஆற்றலுக்குப் பெட்ரோலில் 12 ரூபாய் கொடுக்கிறோம், டீசலில் 9 ரூபாய் சொச்சம். லிட்டர் விலையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

ஒரு காலத்தில் லிட்டர் விலையே போதுமானதாக இருந்தது. பெட்ரோல் விலைக் கட்டுப்பாடு 2010-இல் நீங்கியது, டீசலுக்கு 2014 அக்டோபர் வரை நீடித்தது. நடுவில், 2012-இல், இரண்டுக்கும் உள்ள இடைவெளி 30 ரூபாயையே தாண்டியது. பக்கத்துத் தெருவுக்குப் போகிறவர்கள்கூட டீசல் கார் வாங்கியது அந்த நாட்களில்தான். "டீசல்னா சிக்கனம்" என்ற பேச்சு அங்கிருந்து வந்து இன்னும் நம்மிடம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

டீசலுக்கு ஒரு தீராத நோய் உண்டு: கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும். பெட்ரோல் காற்றோடு நன்றாகக் கலந்த பிறகு எரிகிறது. டீசல் பீய்ச்சிய கணத்திலேயே எரிவதால் துளியின் நடுப்பகுதிக்குக் காற்று போதாமல் கரியாகிவிடும். உச்சச் சூட்டில் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நைட்ரஜன் ஆக்சைடு உருவாகும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் சோதனைக் கூடத்தில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளை வைத்திருந்தது 2015-இல் வெளியானபோது, உலகம் முழுக்க 1 கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் அதில் சிக்கின. இந்த நஞ்சைச் சுத்தம் செய்வது அவ்வளவு கடினம், அவ்வளவு செலவு.

இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் பி.எஸ்.6 விதி வந்தது. டீசல் காரின் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு கிலோமீட்டருக்கு 250 மில்லிகிராமிலிருந்து 80 மில்லிகிராமாக இறங்கியது. கரித்துகளைப் பிடிக்கச் சைலன்சர் பாதையில் டி.பி.எஃப். என்கிற வடிகட்டி கட்டாயம் போல ஆனது. என் மைத்துனரின் ஆரஞ்சு விளக்கு இந்த வடிகட்டியுடையது.

வடிகட்டியில் கரி சேர்ந்துகொண்டே போகும். வண்டி அவ்வப்போது அதை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கி எரித்துச் சாம்பலாக்கும். இதற்கு இருபது நிமிடமாவது தொடர்ந்து நல்ல வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கூட வாசலில் வண்டியை அணைத்தால் எரிப்பு பாதியில் நிற்கும். அடுத்த நாளும் பாதியில் நிற்கும். கரி அடைக்கும், மைலேஜ் இறங்கும். அதோடு, சூடேற்றக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியாக இன்ஜின் ஆயிலில் இறங்கிவிடும். ஆயில் நீர்த்துப்போகும். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை (டிப்ஸ்டிக்) எடுத்துப் பார்த்தால் ஆயில் குறைவதற்குப் பதில் கூடியிருக்கும். அதை நல்ல சேதி என்று எண்ணிவிடாதீர்கள், உடனே ஆயில் மாற்றுங்கள்.

அப்புறம் ஹைபிரிட். இது பெட்ரோல் இன்ஜினின் பலவீனத்தைச் சரிசெய்ய முயல்வதில்லை, பலவீனமான நேரத்தில் அந்த இன்ஜினை ஓடவே விடுவதில்லை. எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. சிக்னலில் நிற்கும்போதும், ஊர்ந்து நகரும்போதும் இன்ஜின் அணைந்திருக்கும், மின்மோட்டார் இழுக்கும். வேகம் எடுக்கும்போது இன்ஜின் விழித்துக்கொள்ளும். அப்படி விழித்தால் மூச்சுத் திணறாத அளவுக்கு நல்ல லோடில் ஓடும். சக்கரத்துக்கு வேண்டியது போக மிச்சத்தைப் பேட்டரியில் சேர்க்கும்.

பிரேக்கில்தான் பெரிய லாபம். ஆட்களோடு 2 டன் எடையுள்ள வண்டி 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதன் இயக்கத்தில் தேங்கியிருக்கும் ஆற்றலை உண்டாக்க, சாதாரணப் பெட்ரோல் இன்ஜினுக்கு ஏறத்தாழ 25 மில்லி பெட்ரோல் வேண்டும். ஐந்து தேக்கரண்டி. சிவப்பு விளக்கைப் பார்த்துப் பிரேக்கை மிதித்தால் அந்த ஐந்து தேக்கரண்டியும் பிரேக் டிஸ்கில் சூடாகிக் காற்றில் போகும். கிண்டியிலிருந்து சோழிங்கநல்லூர் போவதற்குள் இருபது முறை இப்படி நின்றால் அரை லிட்டர் போச்சு. ஹைபிரிடில் பிரேக்கை மிதித்ததும் மோட்டார் டைனமோவாக மாறி, அந்த ஆற்றலில் ஏறத்தாழ பாதியைப் பேட்டரிக்குத் திருப்பிவிடுகிறது. நெரிசல் கூடக்கூட இந்த லாபமும் கூடும். நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் மைலேஜ் இறங்கும் என்ற நம் பழைய அனுபவம் இங்கே அவ்வளவாகச் செல்லாது.

ஹைபிரிடின் இன்ஜினும் கொஞ்சம் வேறு மாதிரி. ஜேம்ஸ் அட்கின்சன் 1882-இல் யோசித்த முறை அதில் இருக்கிறது: கலவையை நெருக்குவது குறைவாகவும், வெடித்த பின் விரிவது அதிகமாகவும் வைப்பது. கரும்புச் சாறு பிழிபவர் ஒருமுறை பிழிந்த கரும்பை மடித்து மறுபடி உருளைக்குள் விடுவாரே, அதுபோல வெளியே போகப்போகிற சூட்டிலிருந்து இன்னும் கொஞ்சம் வேலையைப் பிழிந்துகொள்வது. இப்படிச் செய்தால் பிக்கப் குறையும். தனி இன்ஜினாக இருந்தால் நாம் வாங்கவே மாட்டோம். புறப்படும்போது தேவைப்படும் இழுவையை மோட்டார் பார்த்துக்கொள்வதால் அது தெரிவதில்லை. டொயோட்டா 1997 டிசம்பரில் ஜப்பானில் பிரியஸ் வண்டியை விற்க ஆரம்பித்ததிலிருந்து இந்த ஜோடி தேறிக்கொண்டே வந்திருக்கிறது. அவர்களின் இன்றைய ஹைபிரிட் இன்ஜின்கள் 40 சதவீதத் திறனைத் தொட்டுவிட்டன.

ஏ.சி. பற்றிச் சென்னைக்காரர்கள் கேட்பார்கள். நல்ல ஹைபிரிடில் கம்ப்ரசர் மின்சாரத்தில் ஓடுகிறது, இன்ஜின் அணைந்தாலும் குளிர்ச்சி நிற்காது. மே மாதத்து மதியத்தில் பேட்டரி கால் மணி நேரம் தாங்கும், பிறகு இன்ஜின் தானே வந்து சார்ஜ் ஏற்றிவிட்டுப் போகும்.

சரி, அப்படியானால் எல்லோரும் ஹைபிரிடே வாங்கிவிடலாமா? மதுரையிலிருந்து டூரிஸ்ட் வண்டி ஓட்டும் என் நண்பர் ஒருவருக்கு நான் அப்படிச் சொல்லவில்லை.

நான்குவழிச் சாலையில் பிரேக்குக்கு வேலையே இல்லை. திருப்பித் தர ஆற்றலும் இல்லை. எதிர்க்காற்றைத் தள்ளிக்கொண்டு போவதுதான் வேலை. ஏழு பேர் அமரும் வண்டிக்கு நான் போட்ட கணக்கில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு 11 கிலோவாட் போதும், 100-க்கு 18 வேண்டும், 120-க்கு 27-ஐத் தாண்டும். ஹைபிரிடின் பேட்டரி மிகச் சிறியது. மாருதி கிராண்ட் விட்டாராவில் இருப்பது முக்கால் யூனிட். 18 கிலோவாட் இழுத்தால் முழு சார்ஜும் மூன்று நிமிடத்தில் காலியாகும். ஆக நெடுஞ்சாலையில் ஹைபிரிட் என்பது நல்ல பெட்ரோல் இன்ஜின், அவ்வளவுதான். டீசலும் அந்த லோடில் தன் உச்சத் திறனுக்குப் பக்கத்தில் ஓடும். இரண்டின் திறனும் நெருங்கி வந்துவிட்டால், யூனிட்டுக்கு 12 ரூபாயா 9 ரூபாயா என்ற வித்தியாசம் பேச ஆரம்பிக்கும்.

மலைப்பாதையிலும் இந்தச் சின்னப் பேட்டரி முழிக்கும். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். 2 டன் வண்டி அதில் 10 யூனிட் ஆற்றலை இழக்கிறது. டயர் உராய்விலும் காற்றிலும் பாதி போனாலும் மிச்சத்தைப் பிடித்து வைக்க முக்கால் யூனிட் பேட்டரியில் இடம் ஏது? பர்லியாறு வருவதற்கு முன்பே நிறைந்துவிடும். அதன் பிறகு பிரேக்கைச் சூடேற்றாமல் இறங்க, கியர் லிவரில் உள்ள 'B' நிலைக்கு (வண்டியை நிறுத்தி வைக்கும் 'P' அல்ல) மாற்றி இன்ஜினைக் கொண்டு இழுத்துப் பிடிக்க வேண்டும். ஹைபிரிட் வைத்திருப்பவர்களில் பலர் இந்த லிவரைத் தொட்டதே இல்லை. தயவுசெய்து மலைக்குப் போகும் முன் பழகிக்கொள்ளுங்கள்.

ஒரே பெயரில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் விற்றது நம் நாட்டில் நடந்திருக்கிறது. இன்னோவா கிரிஸ்டா 2.4 லிட்டர் டீசல், கியர் வண்டி, பின்சக்கர இழுவை, 343 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை நிமிடத்துக்கு 1,400 சுற்றிலேயே கிடைக்கும். இன்னோவா ஹைகிராஸ் 2 லிட்டர் பெட்ரோல் ஹைபிரிட், சோதனை மைலேஜ் லிட்டருக்கு 23.24 கிலோமீட்டர். இரண்டையும் எண்ணை மட்டும் வைத்து ஒப்பிடுவது நியாயமில்லை. கிரிஸ்டா லாரி போலத் தனிச் சட்டகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் வண்டி. எடை கூடுதல், அடியும் தாங்கும். ஹைகிராஸின் மைலேஜில் இன்ஜினுக்கு ஒரு பங்கு என்றால், இலகுவான உடலுக்கும் ஒரு பங்கு உண்டு. டாக்சிக்காரர்கள் கிரிஸ்டாவை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு மைலேஜ் காரணமே இல்லை.

வாங்கப் போகிறவர்கள் ஒரு சொல்லில் ஏமாந்துவிடக் கூடாது. 'மைல்ட் ஹைபிரிட்', 'ஸ்மார்ட் ஹைபிரிட்' என்று எழுதியிருக்கும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது இன்ஜினுக்குக் கை கொடுக்கும் சின்ன மோட்டார். அது தனியாக வண்டியை நகர்த்தாது. மேலே சொன்ன லாபத்தில் சொற்பம்தான் அதில் கிடைக்கும். "இன்ஜின் அணைஞ்சிருக்கும்போது வண்டி நகருமா?" என்று விற்பவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்ற பயம் நியாயமானது. டொயோட்டாவும் மாருதியும் இங்கே 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை உத்தரவாதம் தருகின்றன. வண்டி அந்தப் பேட்டரியை முழுக்க நிரப்புவதும் இல்லை, முழுக்க வடிப்பதும் இல்லை, நடுவாந்திரத்திலேயே வைத்திருக்கும். ஆயுள் நீள்வதற்கு அது முக்கியக் காரணம். வண்டிக்குள் இருக்கும் குளிர்ந்த காற்றை இழுத்துத்தான் பல வண்டிகளில் பேட்டரி குளிர்கிறது. அந்தக் காற்றுத் துளையைப் பையோ துணியோ வைத்து மறைக்காமல் இருந்தால் போதும், பராமரிப்பில் நாம் செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போது வைத்திருக்கும் வண்டியின் டிரிப் மீட்டரில் சராசரி வேகம் என்று ஓர் எண் இருக்கும். யாரும் பார்ப்பதில்லை. அதைப் பூஜ்யமாக்கிவிட்டு ஒரு மாதம் வழக்கம்போல ஓட்டுங்கள். 25-க்குக் கீழே வந்தால், பாதி நேரம் நின்றும் ஊர்ந்தும் போகிறீர்கள் என்று பொருள். அந்த ஓட்டத்துக்கு டீசல் வேண்டவே வேண்டாம் என்பேன், ஹைபிரிட் விலையில் கட்டுப்படியாகாவிட்டால் சாதாரணப் பெட்ரோலே மேல். 45-ஐத் தாண்டி, வருடத்துக்கு 25,000 கிலோமீட்டருக்கு மேல் லோடோடு ஓட்டுபவருக்கு டீசல் இன்றும் தகும். நடுவில் இருப்பவர்களுக்கு வண்டியின் விலை வித்தியாசத்தை எத்தனை வருடத்தில் எடுக்க முடியும் என்ற கணக்கைப் போட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

போன மாதம் மைத்துனரின் வண்டியில் அந்த எண்ணைப் பார்த்தேன். 17. மதுரை நண்பருக்கு போன் செய்து கேட்டேன், திருச்செந்தூர் போய்க்கொண்டிருந்தவர் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்: 52.