இரும்புத் துகளுக்குச் சர்க்கரைச் சட்டை

1996ல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ., கல்லீரல் எம்.ஆர்.ஐ.க்காக ஃபெரிடெக்ஸ் என்ற பழுப்பு நிறத் திரவத்தை அனுமதித்தது. வழக்கமாக ஸ்கேனுக்கு முன் ஏற்றும் மருந்துகள் நோயுள்ள இடத்தைப் பளிச்சென்று காட்டும். இதன் வேலை நேர்மாறானது. நல்ல கல்லீரலைக் கறுப்பாக்கிவிடும்; கட்டி மட்டும் வெளுப்பாக நிற்கும். திரவத்தில் இருந்தது இரும்பு ஆக்சைடு, அதாவது காந்தக்கல்லின் நானோ துகள்கள். அவற்றின் மேல் டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலிகள் சட்டை போலப் போர்த்தியிருந்தன. இந்தத் துறையைப் பற்றிப் பேசுகிறவர்கள் காந்தத்தைத்தான் பெரிதாகச் சொல்வார்கள். என் கணக்கில் பாதிக்கு மேல் வேலை செய்வது அந்தச் சட்டைதான்.

முதலில் இரும்பு ஏன் கறுப்பாக்குகிறது என்று பார்ப்போம். நம் உடம்பின் தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் 1.5 டெஸ்லா காந்தப்புல வலு கொண்ட எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் நொடிக்குச் சுமார் 6.4 கோடி தடவை சுழல்கின்றன. ரேடியோ அலை ஒன்றை அனுப்பினால் எல்லாம் சேர்ந்து ஒரே கட்டத்தில், அதாவது ஒரே தாளத்தில், சுழலும். அப்போது எழும் சமிக்ஞையைத்தான் இயந்திரம் படமாக்குகிறது. பக்கத்தில் ஒரு காந்தத் துகள் இருந்தால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு அணுக்கரு சற்று வேகமாகவும் இன்னொன்று சற்று மெதுவாகவும் சுழல, கட்டம் கலைந்துவிடுகிறது. சமிக்ஞை சீக்கிரமே செத்துப்போகிறது. படத்தில் அந்த இடம் கறுப்பு.

சரி, காந்தம்தான் வேண்டும் என்றால் காந்தக்கல்லைப் பொடித்து ஊசியில் ஏற்றலாமே? ஏற்றினால் ஆபத்து. பெரிய துகள்கள் நிரந்தரக் காந்தங்கள். ஒன்றையொன்று இழுத்துத் திரண்டு ரத்தக் குழாயை அடைக்கும். அளவு ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே போனால் கதை மாறுகிறது. அறை வெப்பமே துகளின் காந்தத் திசையை ஓயாமல் புரட்டிப் போடும். வெளியிலிருந்து பார்த்தால் காந்தமே இல்லாதது போலிருக்கும். ஸ்கேனருக்குள் போனதும் எல்லாம் ஒரே திசையில் திரும்பும். வெளியே வந்ததும் பழையபடி. இதற்கு சூப்பர்பாராகாந்தத் தன்மை என்று பெயர். அதற்காக மிகவும் சிறியதாக்கிவிடவும் முடியாது. துகளின் மேற்பரப்பில் உள்ள அணுக்கள் காந்த ஒழுங்குக்குச் சரியாக உட்படுவதில்லை. துகள் சிறுக்கச் சிறுக்க அந்த அணுக்களின் பங்கு ஏறி, காந்த வலு குறையும்.

செய்முறை கேட்பதற்கு எளிது. இரண்டு வகை இரும்பு உப்புகளை 1:2 விகிதத்தில் தண்ணீரில் கரைத்து அம்மோனியா சேர்த்தால் காந்தக்கல் கறுப்பாகப் படிந்துவிடும். அந்தத் தண்ணீரிலேயே டெக்ஸ்ட்ரானையும் போட்டுவிட்டால் துகள் பிறக்கும்போதே உறையோடு பிறக்கும். ஆனால் அளவு ஒரே மாதிரி வராது. துல்லியமான அளவு வேண்டுமென்றால் கரிமக் கரைப்பானில், 300 டிகிரி செல்சியஸ் அளவில், இரும்புச் சேர்மத்தைச் சிதைக்க வேண்டும். அழகான துகள்கள் கிடைக்கும், ஆனால் மேலே ஒலியிக் அமிலம் என்ற கொழுப்பு ஒட்டியிருப்பதால் தண்ணீரில் கலக்காது. அப்புறம் அந்தச் சட்டையைக் கழற்றி வேறொன்று போட வேண்டும். பல ஆய்வகங்களின் நேரம் இங்கேதான் கரைகிறது.

உறை இல்லாத துகள் ரத்தத்தில் நிலைக்காது. ரத்தத்தின் உப்பு, துகள்களுக்கு இடையிலான மின்விலக்கத்தை மங்கச் செய்யும். அவை திரளத் தொடங்கும். புரதங்கள் வந்து ஒட்டும். அவற்றில் சில, உடலின் விழுங்கு செல்களுக்கு ‘இது அந்நியப் பொருள்’ என்று காட்டிக்கொடுக்கும். டெக்ஸ்ட்ரான் இதைத் தள்ளிப்போடுகிறது. ஆனால் இரும்பின் மேல் அதற்குப் பிடி தளர்ச்சிதான், மெல்லக் கழன்றுவிடும். அதனால்தான் கார்பாக்சில் தொகுதிகள் சேர்த்த டெக்ஸ்ட்ரான்கள் வந்தன. அவை இரும்போடு நன்றாக ஒட்டும். பி.இ.ஜி. என்ற பாலிமர் தன்னைச் சுற்றித் தண்ணீரைப் பிடித்து வைத்துப் புரதங்களை அண்டவிடாது. ஆனால் சிலரின் உடலில் அதற்கே எதிர்ப்பொருள்கள் உண்டு.

உறையோடு சேர்த்த மொத்த அளவுதான் துகள் எங்கே போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஃபெரிடெக்ஸின் துகள் நூறு நானோமீட்டர் அளவு. கல்லீரலின் விழுங்கு செல்களான குப்ஃபர் செல்கள் அதைச் சட்டென்று விழுங்கிவிடும். கட்டியில் குப்ஃபர் செல்கள் பெரும்பாலும் இல்லாததால் அது கறுக்காமல் தப்புகிறது. மொத்த அளவை 30 நானோமீட்டருக்குக் குறைத்த ஃபெரூமாக்ஸ்ட்ரான் என்ற இன்னொரு மருந்து ரத்தத்தில் நெடுநேரம் சுற்றி, கசிந்து, நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர்கிறது. அடுத்த நாள் ஸ்கேன் எடுத்தால் நல்ல கணு கறுப்பாகவும், புற்று பரவிய பகுதி வெளுப்பாகவும் தெரியும். பாஸ்டனிலும் நெதர்லாந்தின் நைமேகனிலும் புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் செய்த இந்த ஆய்வு 2003ல் வெளியானது. சாதாரண அளவில் இருந்த கணுக்களுக்குள் ஒளிந்திருந்த புற்றையும் அது காட்டிக்கொடுத்தது. இரும்பு அதேதான். மாறியது அளவும் உறையும்.

இவ்வளவு நல்ல யோசனை சந்தையில் தோற்றது என்பதுதான் வேடிக்கை. ஃபெரிடெக்ஸை மெதுவாக, அரைமணி நேரம் ஏற்ற வேண்டியிருந்தது. சிலருக்கு முதுகுவலி வந்தது. கறுப்புப் படத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. ரத்தக்கசிவும் கறுப்பு, சுண்ணாம்புப் படிவும் கறுப்பு, காற்றும் கறுப்பு. பளிச்சென்று காட்டும், கடோலினியம் என்ற உலோகம் கலந்த மருந்துகள் இருக்கையில் கறுப்பைப் படிக்க எத்தனை மருத்துவர்களுக்குப் பொறுமை இருக்கும்?

இரும்பு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது. 2009ல் எஃப்.டி.ஏ. அனுமதித்த ஃபெரூமாக்ஸிடால், சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கான மருந்து. விழுங்கு செல்கள் துகளைச் சிதைத்ததும் அந்த இரும்பு ஹீமோகுளோபினில் போய்ச் சேர்கிறது. சிறுநீரகம் மோசமாகப் பழுதானவர்களுக்குச் சில கடோலினியம் மருந்துகள் தோலை இறுகவைக்கும் கடும் நோயைத் தருவது 2006ல் தெரியவந்திருந்தது. அதனால் அப்படிப்பட்டவர்களுக்குச் சில மருத்துவர்கள் இந்த ரத்தசோகை மருந்தையே ஸ்கேனுக்குப் பயன்படுத்துகிறார்கள். இதன் உறையும் மாற்றியமைத்த சர்க்கரைதான். ஒவ்வாமையைக் குறைக்கவே அப்படி வடிவமைத்தார்கள். இருந்தும் கடும் ஒவ்வாமை பற்றி 2015ல் எஃப்.டி.ஏ. எச்சரிக்கையைக் கடுமையாக்க வேண்டி வந்தது.

கறுப்புச் சிக்கலைத் தாண்ட இரண்டு வழிகள் முளைத்தன. ஒன்று, உறைக்குள் இருக்கும் இரும்பு மையத்தை 3 நானோமீட்டர் அளவுக்குச் சுருக்குவது. அப்போது காந்த வலு குறைந்து, கடோலினியம் போல வெளுப்பாகக் காட்டும். மெல்லிய உறையும் போட்டால் சிறுநீர் வழியாகவே வெளியேறிவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகக் குழு 2017ல் இதைச் செய்து காட்டியது. மற்றொன்று, ஹாம்பர்க்கின் பிலிப்ஸ் ஆய்வகத்திலிருந்து 2005ல் அறிமுகமான காந்தத் துகள் படமெடுப்பு. இதில் தண்ணீரின் சமிக்ஞையே வேண்டாம். துகளின் காந்தம் திரும்பும்போது எழும் சமிக்ஞையை நேராகப் பிடிக்கிறார்கள். திசுவிலிருந்து எதுவும் வராது, எனவே எது இரும்பு, எது ரத்தக்கசிவு என்ற குழப்பம் கிடையாது. ஆனால் இதற்குச் சின்ன மையம் உதவாது. 25 நானோமீட்டரை ஒட்டி இருந்தால்தான் சமிக்ஞை வலுவாக வரும். அந்த அளவில் துகள்கள் மறுபடி ஒன்றையொன்று இழுக்க ஆரம்பிக்கும். அவற்றை விலக்கி வைக்க உறையைத் தடிமனாக்க வேண்டும், தடிமனாக்கினால் மொத்த அளவு ஏறும், ஏறினால் குப்ஃபர் செல்கள் தயாராக இருக்கின்றன.