பஞ்சுக்கு இறக்குமதி வரி இல்லாமல் போனால் யாருக்கு வேலை, யாருக்கு இழப்பு?

2025 ஆகஸ்டில் வெளிநாட்டுப் பஞ்சுக்கான இறக்குமதி வரியை மத்திய அரசு எடுத்துவிட்டது. நூற்பாலைக்காரர்கள் வரவேற்றார்கள், விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன. இரண்டு பக்கமும் பேசியது வேலையைப் பற்றித்தான்.

முதலில் அந்த வரி என்னவென்று பார்க்கலாம். 2021 பிப்ரவரி பட்ஜெட்டில் வந்தது அது. அடிப்படைச் சுங்க வரி 5%, வேளாண் உள்கட்டமைப்பு வரி 5%, இவ்விரண்டின் மீது பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, மொத்தம் 11%. 2022இல் பஞ்சு விலை எகிறியபோது ஏப்ரல் முதல் அக்டோபர் வரை விலக்கு தந்தார்கள். 2025 ஆகஸ்ட் 19இல் மறுபடி விலக்கு. முதலில் செப்டம்பர் 30 வரை என்றிருந்ததை டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். 2026 ஜனவரி 1 முதல் பழைய 11% திரும்பியது.

வரி இருந்த காலத்திலும் சில வாசல்கள் திறந்தே இருந்தன. 32 மில்லிமீட்டருக்கு மேல் இழை நீளமுள்ள பஞ்சுக்கு 2024 பிப்ரவரியிலிருந்தே வரி இல்லை. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆண்டுக்கு 51,000 டன் ஒப்பந்தப்படி வரியின்றி வரலாம். ஏற்றுமதிக்காகவே தயாரிப்பவர்கள் முன் அனுமதி பெற்று வரியில்லாமல் பஞ்சு எடுக்கலாம். ஆகவே விலக்கு கூடுதலாகக் கை கொடுத்தது, உள்நாட்டுச் சந்தைக்கு நூல் விற்கும் ஆலைகளுக்குத்தான்.

சரி, எவ்வளவு பணம்? கணக்குக்காக ஒரு கண்டி (356 கிலோ) வெளிநாட்டுப் பஞ்சு 55,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 11% என்றால் 6,050 ரூபாய். கிலோவுக்கு 17 ரூபாய். நூல் விலையில் பாதிக்கு மேல் பஞ்சுச் செலவுதான் என்பதால் ஆலைக்கு இது பெரிய தொகை. அமெரிக்கா 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்களுக்கு 50% வரி போட்ட நேரம் வேறு. திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் நூல் தேங்கும். நூல் தேங்கினால் ஆலையில் ஷிப்ட் குறையும். அப்போது முதலில் வீட்டுக்கு அனுப்பப்படுவது கான்ட்ராக்ட் ஆட்கள்.

இப்போது அதே 17 ரூபாயைப் பருத்திக் காட்டுக்குக் கொண்டுபோவோம். ஒரு குவிண்டால் பருத்தியை அரைத்தால் கொட்டை போகச் சுமார் 34 கிலோ பஞ்சு கிடைக்கும். 34ஐ 17ஆல் பெருக்கினால் 578 ரூபாய். வரி நீக்கத்தின் முழுச் சுமையும் விவசாயி தலையில் இறங்கினால் குவிண்டாலுக்கு அவர் இழப்பது அவ்வளவு. அந்தப் பருவத்துக்கு மத்திய அரசு குறைந்தபட்ச ஆதரவு விலையை உயர்த்தியது எவ்வளவு தெரியுமா? 589 ரூபாய். ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் கிட்டத்தட்ட அப்படியே வாங்கிக்கொள்ளும் கணக்கு இது. உலக விலை, டாலர் மதிப்பு எல்லாம் சேர்ந்துதான் சந்தை விலை அமையும் என்பதால் முழுத் தொகையும் இறங்காமல் போகலாம். ஆனால் விலக்கின் கடைசி மூன்று மாதங்கள் பல மாநிலங்களில் பருத்தி சந்தைக்கு வரும் மாதங்கள். வியாபாரி விலை பேச வசதியான நேரம்.

காட்டில் இதை வேலையிழப்பு என்று யாரும் பதிவு செய்வதில்லை. விலை கட்டுபடியாகாவிட்டால் கடைசி எடுப்பை விவசாயி விட்டுவிடுவார், ஏனென்றால் எடுப்புக் கூலிக்கே வருமானம் சரியாகப் போய்விடும். பருத்தி எடுக்கப் போகும் பெண்களுக்கு அத்தனை நாள் கூலி இல்லை. அடுத்த வருடம் அதே நிலத்தில் மக்காச்சோளம் போட்டால் ஆள் தேவை இன்னும் குறையும், கொட்டையைப் பிரித்துப் பஞ்செடுக்கும் ஜின்னிங் ஆலைக்கு வரும் சரக்கும் குறையும்.

இதைத் தடுக்க இருப்பது ஆதரவு விலை ஒன்றுதான். 2025–26 பருவத்துக்கு நடுத்தர இழைப் பருத்திக்கு 7,710 ரூபாய், நீண்ட இழைக்கு 8,110 ரூபாய். சந்தை விலை இதற்குக் கீழே போனால் மத்திய அரசின் இந்தியப் பருத்திக் கழகம் வாங்க வேண்டும். ஆனால் ஈரப்பதம் 8% வரை இருந்தால்தான் முழு விலை. அதைத் தாண்டினால் பிடித்தம், 12% தாண்டினால் வாங்கவே மாட்டார்கள். மழையில் நனைந்த பருத்தியை வைத்துக்கொண்டு நிற்பவருக்கு ஆதரவு விலை காகிதத்தில்தான். கழகத்திடம் விற்க நினைப்பவர்கள் அதன் ‘கபாஸ் கிசான்’ செயலியில் முன்கூட்டியே பதிவு செய்து, நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோவது நல்லது. வரி விலக்கு அறிவிப்புகள் பருவத்தின் நடுவிலும் மாறுகின்றன. பெரிய அளவில் விற்கும் முன் அன்றைய நிலவரத்தை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.