பனுவலிடைமை

குறும்படமோ நாடகமோ வலையொலியோ, எதைப் படைத்தாலும் சிங்கப்பூர் இளையர் வாயில் புழங்கும் சொல் ‘ரெஃபரன்ஸ்’. “இந்தக் காட்சியில ஒரு ரெஃபரன்ஸ் இருக்கு” என்பார்கள். அதற்குப் பின்னுள்ள கோட்பாட்டின் பெயர் இண்டர்டெக்ஸ்சுவாலிட்டி, தமிழில் பனுவலிடைமை. ஒரு படைப்பின் பொருள் அதற்குள்ளேயே முடிந்துவிடாமல், மற்றப் படைப்புகளோடு அது கொள்ளும் உறவிலும் பிறப்பதை இச்சொல் குறிக்கும்.

1960களில் பிரான்சில் எழுதிவந்த இலக்கியக் கோட்பாட்டாளர் ஜூலியா கிறிஸ்தெவா, ரஷ்ய அறிஞர் பக்தினின் கருத்துகளை விளக்கும்போது ஆக்கிய சொல் இது. ‘டெக்ஸ்ட்’ என்பதன் லத்தீன் வேர் நெய்தலைக் குறிக்கும். தமிழில் ‘பிரதியிடைமை’ என்று எழுதுவோரும் உண்டு. பிரதி என்றதும் நகல் நினைவுக்கு வருவதால் எனக்கு அதில் உடன்பாடில்லை. படைப்பைக் குறிக்கும் பனுவலோ பஞ்சோடு பிறந்த சொல். புறநானூற்றின் 125ஆம் பாட்டில் ‘பருத்திப் பெண்டின் பனுவல்’ என்பது நூற்கும் பெண்ணின் பஞ்சு. நன்னூலில் சொல் பஞ்சாகிறது, பனுவல் இழையாகிறது, புலவன் நூற்பவளாகிறான். இவ்வளவு பொருத்தமான சொல் கையில் இருக்க, வேறு எதற்கு?

வழக்கமும் நமக்குப் பழையதே. ‘தெய்வந் தொழாஅள்’ என்ற குறளை மணிமேகலையில் நாற்சந்தியில் உறையும் சதுக்கப்பூதம் மருதி என்ற மனைவியிடம் சொல்கிறது. வள்ளுவர் மனைவியின் பெருமை பேசிய வரி, பூதத்தின் வாயில் மருதியின் குறையைச் சுட்டும் கண்டிப்பாகிவிடுகிறது. சொற்கள் அவையே, இடம் மாறியதும் பொருள் மாறியது. வெறும் மேற்கோளிலிருந்து பனுவலிடைமை விலகி நிற்பது இங்கேதான்.

சிங்கப்பூரிலேயே நல்ல சான்று இருக்கிறது. சிங்கத்தலையும் மீனுடலும் கொண்ட மெர்லயன் சுற்றுலாச் சின்னமாக 1964இல் வடிவமைக்கப்பட்டது. 1979இல் சிங்கப்பூர்க் கவிஞர் எட்வின் தம்பு ஓர் ஆங்கிலக் கவிதையில் கிரேக்கக் காவிய நாயகன் யுலிசிஸை அதன்முன் கொண்டுவந்து நிறுத்தினார். பிறகு லீ சூ பெங், அல்ஃபியான் சாஅட் போன்ற கவிஞர்களும் மெர்லயனைப் பாடினார்கள். இன்று அந்தச் சிலையைப் படம்பிடிக்கும் மாணவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அந்த உரையாடலுக்குள் நுழைகிறார்.

மூலத்தை அறியாதவருக்கும் காட்சி புரியவேண்டும்; அறிந்தவருக்குக் கூடுதலாக ஒன்று கிடைக்கவேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் அந்தக் குறிப்பை எடுத்துவிடலாம். கதை முழுவதையும் எடுத்தாண்டால் அதற்குத் தழுவல் என்று பெயர்; மூலத்தை மறைத்தால் திருட்டு. திட்ட அறிக்கையில் ‘ரெஃபரன்ஸ்’ வரும் இடத்தில் ‘பனுவலிடைக் குறிப்பு’ என்று எழுதுங்கள். கூடவே, எந்தப் படைப்பிலிருந்து எடுத்தீர்கள், உங்கள் கையில் அதன் பொருள் எப்படி மாறியது என்பதையும் எழுதுங்கள்.