டிரம்ப், பைடன், ஒபாமா... அப்புறம் ‘கமலா’

2008 ஜனவரி 7ஆம் தேதி ராத்திரி. நகரப் பதிப்பை மூட இருபது நிமிடம்தான் இருக்கும், வெளிநாட்டுப் பக்கத்துக்கு ஒரு ஏஜென்சி செய்தி வந்து விழுந்தது. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் போர்ட்ஸ்மத் என்ற ஊர், ஒரு காபிக் கடை. தினமும் எப்படித்தான் இத்தனைக்கும் ஈடுகொடுக்கிறீர்கள், தலைமுடியை யார் செய்துவிடுகிறார்கள் என்று ஒரு பெண், அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனிடம் கேட்கிறார். பதில் சொல்லும்போது ஹிலாரிக்குக் குரல் தழுதழுத்தது, கண் கலங்கியது. அவ்வளவுதான் நடந்தது. கன்னத்தில் ஒரு சொட்டு இறங்கவில்லை.

நான் போட்ட தலைப்பு: ‘கதறி அழுதார் ஹிலாரி’.

‘கண் கலங்கினார்’ என்று போட்டிருந்தாலும் அந்த மூன்று காலம் (பத்தி) அகலத்தில் தாராளமாக அடங்கியிருக்கும், எனவே இடப் பற்றாக்குறை என்று சாக்குச் சொல்ல முடியாது. மறுநாள் அந்த மாநிலத்தில் நடந்த, கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் அவர் ஜெயித்தார். அதற்கு ‘கண்ணீர் தந்த வெற்றி’ என்று இன்னொரு தலைப்பும் வைத்தேன். காபிக் கடைச் சம்பவம் நடந்த அதே நாளில், சேலம் என்ற ஊரில் (நம்ம சேலம் இல்லை) அவருடைய கூட்டத்தில் இரண்டு ஆண்கள் எழுந்து நின்று “என் சட்டைக்கு இஸ்திரி போடு” என்று கத்தினார்கள். அதைச் சிரிப்புத் துணுக்காகப் பெட்டி கட்டிப் போட்டோம். ஒரு தேர்தல் கூட்டத்தில் நடந்த அவமதிப்பு என்று அன்றைக்கு எங்கள் டெஸ்க்கில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும்தான்.

எட்டு வருஷம் கழித்து, 2016 ஜனவரியில், துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிப் பேசும்போது சுட்டுக்கொல்லப்பட்ட பள்ளிக் குழந்தைகளை நினைத்து ஒபாமா அழுதார். இது நிஜமான கண்ணீர், விரலால் துடைத்துக்கொண்டார், புகைப்படத்திலேயே தெரியும். எங்கள் தலைப்பு: ‘ஒபாமா உருக்கம்’. இரண்டு பக்கங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. கண் கலங்கியவர் கதறினார், அழுதவர் உருகினார்.

அதிலிருந்து ஒரு பழக்கம். பெண் வேட்பாளர் பற்றிய செய்தி வந்தால், பெயரை எடுத்துவிட்டு ஒரு ஆணின் பெயரைப் போட்டுப் படித்துப் பார்ப்பேன். வாக்கியம் கேலியாக ஒலித்தால் அந்த வாக்கியத்தில் கோளாறு இருக்கிறது. 1984இல் ஜெரால்டின் ஃபெராரோ துணை அதிபர் வேட்பாளராக மிசிசிப்பிக்குப் போனபோது, மாநில விவசாயத் துறைத் தலைவர் அவரிடம் புளூபெர்ரி மஃபின் (ஒரு வகைச் சிறு கேக்) செய்யத் தெரியுமா என்று கேட்டார். ஃபெராரோ தெரியும் என்று சொல்லிவிட்டு, உங்களுக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேட்டார். இந்தக் கேள்வியை அப்போதைய அதிபர் ரீகனிடம் யாராவது கேட்டதாகக் கற்பனை செய்து பாருங்கள்.

பெயர் விஷயமும் இப்படித்தான். எங்கள் பக்கங்களில் ஆண்கள் எல்லோரும் குடும்பப் பெயரில் இருப்பார்கள்: டிரம்ப், பைடன், ஒபாமா. பெண்கள் மட்டும் ஹிலாரி, கமலா. தமிழில் சொந்தப் பெயரைச் சொல்வது வழக்கம்தானே, ஹிலாரியின் பிரசாரப் பலகைகளிலேயே ‘ஹிலாரி’ என்றுதானே இருந்தது என்பார்கள். சரி, அது உண்மை. ஆனால் அந்தத் தமிழ் வழக்கம் டொனால்டுக்கும் ஜோவுக்கும் ஏன் பொருந்தவில்லை? தலைப்புக்கு இடம் போதாது என்று ஒரு சீனியர் வாதாடினார். ‘கமலா’ மூன்று எழுத்து, ‘ஹாரிஸ்’ மூன்று எழுத்து. எண்ணிக் காட்டினேன். சிரித்துவிட்டு ‘கமலா’வையே போட்டார்.

இனம் பற்றிய சொற்களில் தமிழுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 2020 ஜூனில், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டை ஒரு வெள்ளைப் போலீஸ்காரர் கொன்ற பிறகு, ஏ.பி. செய்தி நிறுவனம் கறுப்பினத்தவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்குவது என்று முடிவு செய்தது. வெறும் நிறமாக இல்லாமல், ஒரு வரலாறு கொண்ட மக்களாகக் குறிப்பதற்காக. தமிழில் பெரிய எழுத்து ஏது? கறுப்பினத்தவரா, கருப்பரா, ஆப்பிரிக்க அமெரிக்கரா என்று மூன்று விதமாக ஒரே பக்கத்தில் வந்ததுண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் பழைய ஆட்கள் கூச்சமே இல்லாமல் ‘நீக்ரோ’ என்று எழுதிக் கொடுப்பார்கள். அதையெல்லாம் திருத்திவிடலாம். ஆனால் ‘கறுப்பின வேட்பாளர் ஒபாமா’ என்று நூறு தடவை எழுதிய நாங்கள், 2008இல் அவரை எதிர்த்து நின்றவரை ‘வெள்ளையின வேட்பாளர் மெக்கெய்ன்’ என்று ஒரு தடவைகூட எழுதவில்லை. வெள்ளை என்பது எங்களுக்கு இனமாகவே படவில்லை.

கமலா ஹாரிஸின் தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரம் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். 2024 ஜூலை 21 அன்று பைடன் அதிபர் தேர்தல் போட்டியிலிருந்து விலகி, ஹாரிஸை ஆதரித்தார், அடுத்த நாளிலிருந்து திருவாரூர் மாவட்டத்தின் அந்தச் சின்ன ஊருக்குக் கேமராக்கள் கிளம்பின. ஜூலை 31ஆம் தேதி, சிகாகோவில் கறுப்பினப் பத்திரிகையாளர்கள் மாநாட்டு மேடையில், ஹாரிஸ் இவ்வளவு நாள் தன்னை இந்தியர் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், திடீரென்று கறுப்பராக மாறிவிட்டார் என்று டிரம்ப் பேசினார். நாங்கள் அதைச் சர்ச்சைப் பேச்சு என்று மேலே போட்டோம். அதே பக்கத்தில், கீழே, நான்கு காலத்துக்கு ‘நம்ம ஊர்ப் பெண் ஜெயிக்கணும்: கோயிலில் சிறப்பு வழிபாடு’. அந்தச் செய்தியை முழுசாகப் படித்தேன். ஜமைக்காவில் பிறந்த அப்பா, பொருளாதாரப் பேராசிரியர் டொனால்ட் ஹாரிஸ், அதில் ஒரு வரியிலும் இல்லை. கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கமலா ஹாரிஸ் படித்தது பற்றியும் இல்லை. மேலே டிரம்ப் அவருடைய கறுப்பினப் பாதியை வெட்டினார், கீழே நாங்களும் அதே பாதியை வெட்டினோம், நடுவில் ஒரு நகைக்கடை விளம்பரம்.

‘குக்கிராமத்திலிருந்து வெள்ளை மாளிகைக்கு’ என்ற சொற்றொடர் வேறு. ஹாரிஸ் பிறந்தது கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில். தாத்தா பி.வி. கோபாலன் மத்திய அரசு அதிகாரி, ஊரைவிட்டுப் போய்ப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அம்மா ஷியாமளா 1958இல், பத்தொன்பது வயதில், தனியாக அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனவர். அந்தக் காலத்தில் எந்த வீட்டுப் பெண்ணால் அப்படிப் போக முடிந்தது? படித்த பிராமணக் குடும்பம், அரசு உத்தியோகம், ஆங்கிலம். சாதியும் வர்க்கமும் அந்தப் பயணத்தில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தன. இதை எழுதினால் ஷியாமளாவின் துணிச்சல் குறைந்துவிடாது, கதைதான் நேராகும். எழுதலாம் என்று சொன்னபோது, “வாசகர் சந்தோஷமா படிக்கிற நேரத்துல இது எதுக்கு சார்” என்று பதில் வந்தது.

வர்க்கத்தைப் பொறுத்தவரை அமெரிக்க ஊடகங்களே குழப்பிவைத்ததை நாங்கள் மொழிபெயர்ப்பில் இன்னும் குழப்பினோம். 2016 முடிவுகளுக்குப் பிறகு ‘தொழிலாளர் வர்க்கம் டிரம்ப் பக்கம்’ என்று எழுதினோம். அங்கே பெரும்பாலும் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருந்தவர்கள் கல்லூரிப் பட்டம் இல்லாத வெள்ளையர்கள். ஓட்டல் அறை துடைக்கும் கறுப்பினப் பெண்ணும், இறைச்சிக் கூடத்தில் வேலை பார்க்கும் மெக்சிகோ வம்சாவளிக்காரரும் அந்தக் கணக்கில் காணாமல் போனார்கள். ஆனால் பட்டம் இல்லாத, நன்றாகச் சம்பாதிக்கும் கடை முதலாளி உள்ளே வந்துவிட்டார். அந்தத் தேர்தலின் வாக்குச்சாவடிக் கருத்துக்கணிப்பில், ஆண்டு வருமானம் 50,000 டாலருக்குக் கீழே உள்ளவர்களிடம் முன்னணியில் இருந்தது ஹிலாரிதான்.

மற்றபடி வர்க்கம் என்பது வேஷம்தான். 2008இல் ஒபாமா பென்சில்வேனியாவின் அல்டூனாவில் பவுலிங் விளையாடி 37 புள்ளி எடுத்தார், மோசமான ஆட்டம். இவர் சாதாரண ஜனங்களோடு ஒட்டுவாரா என்று அதை வைத்து நாள்கணக்கில் அலசினார்கள். 2024 அக்டோபர் 20ஆம் தேதி, அதே மாநிலத்தில் ஃபீஸ்டர்வில் என்ற இடத்தில் டிரம்ப் டை கட்டிய சட்டை மேல் ஏப்ரன் மாட்டிக்கொண்டு மெக்டொனால்ட்ஸில் உருளைக்கிழங்கு வறுத்தார். கடையை அந்த நேரம் பொதுமக்களுக்கு மூடியிருந்தார்கள், காரில் இருந்தபடியே வாங்கும் ஜன்னலுக்கு வந்தவர்கள் முன்கூட்டியே சரிபார்த்து அனுப்பப்பட்டவர்கள். குறைந்தபட்சக் கூலியை உயர்த்துவீர்களா என்று ஒரு நிருபர் கேட்டார், நேரான பதில் வரவில்லை. நாடு முழுமைக்குமான அந்தக் கூலி 2009லிருந்து மணிக்கு 7.25 டாலரிலேயே நிற்கிறது. நாங்கள் படத்தைப் பெரிசாகப் போட்டோம். 7.25 எங்கள் பக்கத்தில் எங்கேயும் இல்லை.

நவம்பர் 6ஆம் தேதி, நம் நேரப்படி சாயங்காலத்துக்குள் டிரம்ப் ஜெயித்தது தெரிந்துவிட்டது. பட்டாசுக்கும் இனிப்புக்கும் இடம் விட்டு வைத்திருந்த துளசேந்திரபுரம் பக்கத்தைக் கலைத்தோம். காலியான இடத்துக்கு ஒரு இளம் சப் எடிட்டர் துணை அதிபராகப்போகும் ஜே.டி. வான்ஸின் மனைவி உஷாவைப் பற்றி எழுதிக்கொண்டு வந்தார். தலைப்பு: ‘ஆந்திர மாப்பிள்ளை அமெரிக்கத் துணை அதிபர்’. உஷா சான் டியேகோவில் வளர்ந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர் என்று சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தை அனுப்ப எட்டு நிமிடம். முதல் வரியில் ‘வழக்கறிஞர்’ என்ற ஒரு சொல்லை மட்டும் சேர்த்தேன். தலைப்பு அப்படியே போனது.