கோமி மொழியில் 'மாட்டேன்' சொல்வது எப்படி?

ரஷ்யாவின் ஐரோப்பியப் பகுதியில், யூரல் மலைத்தொடருக்கு மேற்கே காடும் சதுப்புமாகப் பரந்து கிடக்கிறது கோமி குடியரசு. தலைநகர் சிக்திவ்கார். ரஷ்ய மொழியோடு கோமியும் அங்கே அரசு மொழி. ஆனால் இரண்டுக்கும் ரத்த உறவு கிடையாது. ஃபின்னிஷ், ஹங்கேரியன் எல்லாம் சேர்ந்த யூராலிக் குடும்பம் கோமியுடையது. மிக நெருங்கிய சொந்தம் உத்முர்த் மொழி. 14-ஆம் நூற்றாண்டிலேயே ஸ்தெபான் என்ற துறவி இதற்கென்று 'அன்பூர்' என்று ஒரு தனி எழுத்தை உருவாக்கினார். இப்போது எழுதுவது சிரிலிக்கில்.

இதன் இலக்கணத்தில் என்னை மிகவும் கவர்ந்தது மறுப்புச் சொல்தான். நாம் 'போகவில்லை' என்றால் போகாதது நானா, நீயா, அவனா என்று அந்தச் சொல்லை வைத்துச் சொல்ல முடியாது. கோமியில் முடியும். அங்கே மறுப்பு என்பதே ஒரு வினைச்சொல். ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப அதுதான் மாறும்.

'முன்' என்றால் 'போ'. 'மே முன' என்றால் 'நான் போகிறேன்'. சரி, 'நான் போவதில்லை' என்பதற்கு? 'மே ஒக் முன்'. 'நீ போவதில்லை' என்பது 'தே ஒன் முன்'. 'அவன் போவதில்லை' என்பது 'சியே ஒஸ் முன்'. ('ஒக்' என்பதில் உள்ள க், 'தங்கம்' என்பதில் ஒலிப்பதுபோல மெலிந்து ஒலிக்கும்.) ஆளைச் சொல்லும் வேலை முழுவதையும் மறுப்பு வினை எடுத்துக்கொள்வதால், 'முன்' எந்த விகுதியும் இல்லாமல் வெறும் வேராக நிற்கிறது.

இதையே இறந்தகாலமாக்க ஓர் உயிரொலியை மாற்றினால் போதும்: எக், என், எஸ். 'மே எக் முன்' என்றால் 'நான் போகவில்லை'. ஆக, அந்த ஒற்றை அசையில் உயிர் காலத்தைச் சொல்கிறது, மெய் ஆளைச் சொல்கிறது. இவ்வளவு சிக்கனமான ஏற்பாடு அபூர்வம் என்றே நினைக்கிறேன்.

ஃபின்னிஷிலும் மறுப்பு வினை ஆளுக்கேற்ப மாறும். ஆனால் காலத்தைக் காட்டும் பொறுப்பை அது முதன்மை வினையிடம் விட்டுவிடும். எஸ்டோனியனில் ஆள் வேறுபாடும் போய், எல்லோருக்கும் 'எய்' என்ற ஒரே வடிவம்தான் மிஞ்சியிருக்கிறது. நம் பழந்தமிழின் 'செல்லேன், செல்லாய், செல்லான்' ஆளைக் காட்டும், காலத்தைக் காட்டாது.

கோமியில் ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். 'தே என் முன்' என்றால் 'நீ போகவில்லை'. 'தே'யை விட்டுவிட்டு 'என் முன்!' என்று அதட்டினால், 'போகாதே!'