பிரிட்ஜுக்கு அடியிலிருந்து வரும் ஒற்றை வயர்

மின் கிற்றாரில் தந்தியின் அதிர்வை மின் சமிக்ஞையாக்கும் பிக்கப்பைத் தாமே மாற்றிவிட்டு, இரைச்சல் தாங்க முடியவில்லை என்று என்னிடம் கொண்டுவரும் இளைஞர்கள் பலர். வீடியோவைப் பார்த்துப் பற்றாசு பிடிப்பதில் பிழையில்லை. நான் அந்த வசதியும் இன்றி, நல்ல வானொலிப் பெட்டிகளைக் கெடுத்தே பழகியவன்.

அண்மையில் குருநகரிலிருந்து, தேவாலயத்தில் வாசிக்கும் தம்பியொருவர் வந்திருந்தார். தந்திகள் தங்கும் உலோகத் தாங்கியான பிரிட்ஜின் பக்கத்துப் பிக்கப்பைக் கழற்றிவிட்டு, சீமோர் டங்கன் நிறுவனத்தின் ஹம்பக்கர் என்ற இரட்டைச் சுருள் பிக்கப் ஒன்றைப் பொருத்தியிருந்தார். ஹம்பக்கரில் இரண்டு சுருள்கள் எதிரெதிர்க் காந்த முனைகளுடன், மின்னளவிலும் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டிருப்பதால், மின்வழங்கலிலிருந்து ஏறும் முரலொலி ஒன்றையொன்று அழித்துவிடும். அதிலேயே முரல் கேட்டால் இணைப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். வீட்டு வயரிங்கில் கறுப்பு நியூற்றல் என்ற நினைப்பில், அவர் கறுப்பு வயரைப் புவியாகக் கருதி, ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் வொலியூம் பொட்டின் முதுகில் ஒட்டிவிட்டு, பச்சையையும் உறையற்ற கம்பியையும் சமிக்ஞை முனையில் கொடுத்திருந்தார். அந்த நிறுவனத்தின் முறையிலோ கறுப்பே சமிக்ஞை. பச்சையும் உறையற்ற கம்பியும் புவிக்குச் செல்ல, சிவப்பும் வெள்ளையும் தமக்குள் இணைந்து தனியே மூடப்பட்டிருக்கும். டிமார்சியோ என்ற மற்றொரு நிறுவனத்தின் பிக்கப்பில் சிவப்பு சமிக்ஞை, பச்சை புவி, கறுப்பும் வெள்ளையும் சோடி. முனை மாறியதால் பிக்கப்பின் அடித்தட்டே அன்ரெனாவாகி இரைச்சலை வாங்கியது; இரண்டு பிக்கப்பும் சேரும்போது ஒலி தகரம்போல் மெலிந்தது.

250 கிலோ ஓம் பொட்டுகளையும் 500க்கு மாற்றினேன். ஹம்பக்கரின் உயர் சுரங்கள் மழுங்காமலிருக்க அதுவே வழக்கம்.

ஆனால் என்னைத் திடுக்கிடச் செய்தது வேறொன்று. பிரிட்ஜுக்கு அடியிலிருந்து வரும் வயரை அவர் வெட்டி மடித்து வைத்திருந்தார். கேட்டபோது, மைக்கில் உதடு பட்டால் ஷொக் அடிக்கிறது, அதை வெட்டினால் அடிக்காது என்று யாரோ சொன்னதாகச் சொன்னார்.

அந்த வயர்தான் தந்திகளை, கேபிள் செருகும் ஜக்கின் வெளி உலோகத்துடனும், கேபிளின் உறையூடாக அம்பிளிபயரின் சட்டகத்துடனும், அங்கிருந்து பிளக்கின் புவி முள்ளுடனும் இணைக்கிறது. கிற்றாருக்குள் இருப்பது மில்லிவோல்ற் அளவுச் சமிக்ஞை. அது ஆளை உலுக்காது. உலுக்குவது, புவித்தொடுப்பு இல்லாத அம்பிளிபயரில் கசிந்து, கேபிள் வழியே தந்திக்கு வந்துசேரும் 230 வோல்ற்; உதடு மைக்கில் படும்போது அது உடலூடாகப் பாயும். 1972இல் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸில், சுவான்சி மேடையொன்றில் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி, புவித்தொடுப்பற்ற மைக்கைத் தொட்டு இறந்தார். வயரை வெட்டுவதால் ஆபத்து நீங்காது. ஜக்கும் உலோகக் குமிழ்களும் அதே இணைப்பில்தான் இருக்கின்றன, இரைச்சல் மட்டும் கூடும்.

அம்பிளிபயரைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தேன். சதுர முள் பிளக் சரியாகவே இருந்தது. அவர் செருகிவந்த மல்டி பிளக்கின் புவித் துளைக்குள்தான் உலோகமே இல்லை. மைக்கையும் அம்பிளிபயரையும் புவித்தொடுப்புள்ள ஒரே இணைப்பிலிருந்து எடுக்கும்படியும், மண்டபத்தின் புவிக் கம்பியையும் 30 மில்லி அம்பியர் றிப் சுவிச்சையும் மின்னியலாளர் ஒருவரைக் கொண்டு சோதிக்கும்படியும் எழுதிக் கொடுத்தேன்.

பொட்டின் முதுகைச் சுரண்டி, வெட்டிய வயரை மீண்டும் பற்றாசு பிடித்தேன். தந்திக்கும் ஜக்கின் வெளி உலோகத்துக்கும் இடையே மல்டிமீற்றர் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டியது. கிற்றாரைக் கொடுத்தனுப்பினேன்; மல்டி பிளக்கை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.